அவே மேட்ச் ஏர்போர்ட்லயே ஆரம்பிச்சுடுது: வெளியூர் போற ஃபுட்பால் டீமோட கதை

ஐஎஸ்எல்ல (இந்தியன் சூப்பர் லீக்) ஆடுற நம்ம சென்னையின் எஃப்சி டீம் கவுஹாத்தியிலயோ ஜாம்ஷெட்பூர்லயோ தோத்துட்டு வந்தா மறுநாள் காலையில ரசிகர் குரூப்ல வர்ற மொத மெசேஜ் "கோச்சை மாத்துங்கப்பா"ங்கிறதுதான். ரெண்டாவது மெசேஜ் "பசங்களுக்கு வெறியே இல்ல". அந்த டீம் அங்க எப்படிப் போய் சேந்துச்சு, முந்தின நாள் எத்தனை மணிக்குத் தூங்குச்சு, போன மேட்ச் முடிஞ்சு எத்தனை நாள் ஆச்சுன்னு கேக்குற ஆளு ரொம்பக் குறைவு. தோத்ததுக்கு சாக்கு தேடிக் குடுக்கறதுக்காக இதை எழுதல. பயணங்கிறது ஆட்டத்துக்கு வெளிய இருக்கிற விஷயம் இல்ல, ஆட்டத்துல அதுவும் ஒரு பகுதிதான், அதைப் புரிஞ்சுக்காம அவே ரிசல்ட்டை மட்டும் பாத்து ஒரு டீமை எடை போட முடியாதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

மொதல்ல தூரம். இங்கிலாந்து ப்ரீமியர் லீக்ல நியூகாசில் டீம் போர்ன்மவுத் போறதுதான் இருக்கிறதுலயே நீளமான பயணங்கள்ல ஒண்ணு, அதுவே ரோட்டு வழியா 500 கிலோமீட்டர் சொச்சம்தான். நமக்கு சென்னையில இருந்து கவுஹாத்தி நேர்க்கோட்டுல அளந்தாலே கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர். லண்டன்ல இருந்து ரோம் போறதை விட இது அதிகம். அதாவது யூரோப்ல ஒரு டீம் சாம்பியன்ஸ் லீக்குக்காக நாடு விட்டு நாடு போற தூரத்தை நம்ம டீம் சாதாரண லீக் மேட்சுக்கே போயிட்டு வருது, அதுவும் பெரும்பாலும் தனி விமானத்துல இல்ல, நாமெல்லாம் போற அதே ஃபிளைட்ல. ஆறடி மூணு அங்குல கோல்கீப்பர் நடு சீட்டுல முட்டிய மடக்கிக்கிட்டு உக்காந்து போக வேண்டியதுதான். ஜாம்ஷெட்பூர் போறதுன்னா இன்னும் கஷ்டம், அங்க இருக்கிறது சின்ன ஏர்போர்ட், அதனால வழக்கமா ராஞ்சியில இறங்கி அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் பஸ். சென்னையில இருந்து ராஞ்சிக்கு நேர் ஃபிளைட் நேரம் ஒத்துவரலைன்னா நடுவுல இன்னொரு ஊர்ல இறங்கி மாறணும், ஆக காலையில கிளம்பினா ஹோட்டல் ரூமுக்குள்ள போறப்ப பொழுது சாஞ்சிருக்கும்.

ஊர் மாறினா சீதோஷ்ணமும் மாறும். டிசம்பர்ல சென்னையில சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குத்தான் சூரியன் மறையும், கவுஹாத்தியில நாலரைக்கெல்லாம் மறைஞ்சிடும், கடிகாரம் என்னவோ ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். அஞ்சு மணி மேட்சுக்கு வார்ம்அப் பண்ண வெளிய வந்தா அங்க இருட்டிப் போய் குளிரும் இறங்கியிருக்கும், நம்ம பசங்க உடம்பு இன்னும் சென்னை வெயில்லயே இருக்கும். டில்லியில டிசம்பர் ஜனவரி மேட்சுன்னா பனிமூட்டத்துல ஃபிளைட் லேட் ஆகுறது, கேன்சல் ஆகுறதுன்னு அது தனிக் கதை.

டீம் போறதுக்கு முன்னாடி சாமான் போகணும். இதுல ரொம்ப முக்கியமான ஆளு கிட் மேனேஜர், டீவியில அவர் முகத்தைக் காட்டவே மாட்டாங்க. மேட்ச் ஸ்குவாட்ல 20 பேர்னு வச்சுக்கங்க, ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது ரெண்டு ஜெர்சி, ஏன்னா ஹாஃப்டைம்ல மாத்துவாங்க, கிழிஞ்சாலும் ரத்தம் பட்டாலும் உடனே மாத்தணும், ரத்தக் கறை இருக்கிற துணியோட ரெஃப்ரி ஆட விடமாட்டார். கோல்கீப்பருக்கு தனி கலர், ஹோம் டீம் கலரோடயும் ரெஃப்ரி கலரோடயும் இடிக்காத மாதிரி. அப்புறம் ட்ரெய்னிங் டிரெஸ், மழை ஜாக்கெட், டவல், ஆளுக்கு ரெண்டு மூணு ஜோடி பூட்ஸ். புல் நனைஞ்சு மெத்துன்னு இருந்தா நீளமான ஸ்டட், காஞ்சு இறுகிப் போயிருந்தா குட்டை ஸ்டட், ஆர்ட்டிஃபிஷியல் டர்ஃப்னா அதுக்குன்னு தனி பூட்ஸ், எது தேவைப்படும்னு அங்க போய் கிரவுண்டை மிதிச்சுப் பாத்தாத்தான் தெரியும், அதனால எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகணும். இது போக ஃபிசியோவோட மசாஜ் டேபிள், ஐஸ் பாக்ஸ், டேப்பு, டாக்டரோட மருந்துப் பெட்டி, அனலிஸ்டோட கேமரா, ஓட்டத்தை அளக்கிற ஜிபிஎஸ் பனியன். ஆளுங்க கணக்கு 30ஐ தாண்டும், பெட்டிங்க கணக்கு அதையும் தாண்டும். கவுன்ட்டர்ல எடை போடறதுக்கே ஒரு மணி நேரம் ஓடிடும். ஒரே ஒரு பை வேற ஊருக்குப் போயிட்டாலும் போச்சு, அதுல கேப்டனோட பூட்ஸ் இருந்துச்சுன்னா கடையில போய் புதுசு வாங்கிக்கலாம்னு நெனைக்காதீங்க, புது பூட்ஸ் காலுக்குப் பழகறதுக்குள்ள கொப்புளம் வந்துடும். அதனாலதான் நிறைய ப்ளேயருங்க பூட்ஸை மட்டும் கைப்பையிலயே வச்சுக்கறாங்க.

விமானத்துக்குள்ள உடம்புக்கு என்ன ஆகுதுன்னும் பாக்கணும். கேபின் காத்துல ஈரப்பதம் 10ல இருந்து 20 சதவீதம் வரைக்கும்தான் இருக்கும், பாலைவனத்துக் காத்து மாதிரி. தாகம் தெரியாமலே உடம்புல தண்ணி குறையும். அழுத்தமும் தரையில இருக்கிற அளவுக்கு இருக்காது, ஏறக்குறைய 2,000 மீட்டர் உசர மலை மேல உக்காந்திருக்கிற கணக்கு. மூணு மணி நேரம் முட்டிய மடக்கி உக்காந்தா தொடைக்குப் பின்னாடி இருக்கிற ஹேம்ஸ்ட்ரிங் தசை இறுகிடும், அதே தசையை வச்சுத்தான் மறுநாள் ஸ்பிரிண்ட் அடிக்கணும். அதனால இறுக்கமான சாக்ஸ் போடச் சொல்வாங்க, தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்வாங்க, நடுநடுவுல எழுந்து நடக்கச் சொல்வாங்க, ஹோட்டல் போய் சேந்ததும் அரை மணி நேரம் ஸ்விம்மிங் பூல்லயோ புல்வெளியிலயோ உடம்பைத் தளர்த்த வைப்பாங்க. அதை விட்டுட்டு நேரா ரூமுக்குப் போய் படுத்தவன் மறுநாள் காலையில கட்டை மாதிரி எழுந்திருப்பான்.

சாப்பாட்டை டீம் சும்மா விட்டுடாது. ஹோட்டலுக்கு முன்கூட்டியே மெனு அனுப்பிடுவாங்க, வெறும் சாதம், எண்ணெய் மசாலா குறைச்சலா பாஸ்தா, க்ரில் சிக்கன், வேகவச்ச உருளைக்கிழங்கு, முட்டை, வாழைப்பழம், தயிர். ஊருக்கு ஊரு அந்தந்த ஊர் ஸ்பெஷல் சாப்பிடணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது, ஆனா வயித்தைக் கெடுத்துக்கிட்டா மேட்சே போச்சு. ஆட்டத்துக்கு மூணு மூணரை மணி நேரம் முன்னாடி கடைசி முழுச் சாப்பாடு, ஏழரை மணி மேட்ச்னா சாயங்காலம் நாலு மணிக்கு உக்காந்து சாதம் சாப்பிடணும், பசிச்சாலும் பசிக்கலைன்னாலும். தூக்கம்தான் யார் கையிலயும் இல்லாத விஷயம். புது மெத்தை, புது தலையணை, ரூம்ல கூட இருக்கிறவரோட குறட்டை, ஜன்னலுக்கு வெளிய ஹாரன் சத்தம். புது இடத்துல மொத ராத்திரி மூளை முழுசா அசந்து தூங்காதுன்னு தூக்கத்தை ஆராய்ச்சி பண்றவங்களே சொல்றாங்க. பெரிய கிளப்புங்க சில பேரு மெத்தையையே கூட எடுத்துட்டுப் போறாங்கன்னா அதுக்கு இதுதான் காரணம்.

இவ்வளவு செஞ்சும் ஹோம் டீம்தான் அதிகம் ஜெயிக்குது. ஏன்னு ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்காங்க. ஐரோப்பிய கால்பந்து சம்மேளனம் யூஇஎஃப்ஏ 2021ல அவே கோல் விதியை எடுத்தப்ப சில புள்ளிவிவரங்களை வெளியிட்டாங்க. 1965ல இருந்து இருந்த விதி அது, ரெண்டு லெக் (ஆளுக்கு ஒரு ஹோம் மேட்ச்) சேத்து ஸ்கோர் சமமா இருந்தா வெளியூர்ல அதிக கோல் போட்ட டீம் மேல போகும். அந்தக் கணக்குப்படி 1970கள் நடுவுல ஹோம் டீம் 61 சதவீதம் மேட்ச் ஜெயிச்சுது, அவே டீம் ஜெயிச்சது வெறும் 19 சதவீதம். விதியை எடுத்த காலத்துல அது 47க்கு 30ன்னு மாறியிருந்துச்சு. இந்த மாற்றத்துக்கு அவங்க சொன்ன காரணங்கள்லயே வசதியான பயணமும் ஒண்ணு, கூடவே நல்ல கிரவுண்டுகள், எல்லா ஸ்டேடியமும் ஒரே அளவுக்கு வந்தது, ரெஃப்ரி முடிவை வீடியோ வச்சு சரிபாக்கிற விஏஆர் எல்லாம் இருக்கு. எனக்கு அந்த 61க்கு 19ங்கிறதுதான் மனசுல நிக்குது, ரயில்லயும் பழைய விமானத்துலயும் போயி, மோசமான பாதையில பஸ்ல குலுங்கி, தெரியாத சாப்பாடு சாப்பிட்டு ஆடுன காலத்தோட கணக்கு அது.

அதுக்காக எல்லாத்தையும் பயணத்து தலையிலயே போட்டுடவும் முடியாது. 2020ல கொரோனா நேரத்துல ஜெர்மனியில காலி ஸ்டேடியத்துல மேட்ச் நடந்தப்ப, அவே டீமுங்க அதே மாதிரிதான் பயணம் பண்ணிட்டு வந்தாங்க, ஆனாலும் ஹோம் டீம் ஜெயிக்கிறது குறைஞ்சுது, அவே டீமுக்கு ரெஃப்ரி குடுக்கிற மஞ்சள் அட்டையும் குறைஞ்சுது. அப்ப கூட்டத்தோட சத்தம் ரெஃப்ரி மனசையும் அசைக்குதுங்கிறது உண்மைதான். குட்டி நாடுகள்ல, ரெண்டு மணி நேர பஸ் பயணத்துல, தூரத்தோட பங்கு ரொம்ப இருக்காது. தூரமோ உயரமோ அதிகமாகும்போதுதான் பயணம் நிஜமாவே கோல் கணக்குல தெரிய ஆரம்பிக்குது.

இதுக்கு பொலிவியாவை விட நல்ல உதாரணம் கிடையாது. லா பாஸ் ஊர்ல இருக்கிற எர்னாண்டோ சிலெஸ் ஸ்டேடியம் கடல் மட்டத்துல இருந்து 3,600 மீட்டருக்கு மேல இருக்கு, நம்ம தொட்டபெட்டா உச்சியை விட கிட்டத்தட்ட 1,000 மீட்டர் அதிக உசரத்துல நின்னு கால்பந்து ஆடுற கணக்கு. 2009 ஏப்ரல் 1ஆம் தேதி மரடோனா கோச்சா இருந்த, மெஸ்ஸி ஆடுன அர்ஜென்டினா அங்க 6-1ன்னு தோத்துச்சு. மூச்சு வாங்குறது மட்டும் பிரச்சினை இல்ல, காத்து அடர்த்தி குறைவா இருக்கிறதால பந்து வேகமாப் போகும், கீழ ஆடிப் பழகுன கோல்கீப்பர் கணிக்கிற இடத்துக்கு முன்னாடியே வந்துடும். 2007ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல தென் அமெரிக்க மேட்சுகளை வச்சு வந்த ஒரு ஆய்வுல, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயர வித்தியாசத்துக்கும் ஹோம் டீமுக்கு சுமார் அரை கோல் லாபம்னு கணக்குப் போட்டிருந்தாங்க. ரெண்டு டீமும் ஒரே உயரம்னா ஹோம் டீம் ஜெயிக்கிற வாய்ப்பு 0.537, பொலிவியா பிரேசில் மாதிரி வித்தியாசம்னா அது 0.825. அதே 2007ல ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல சர்வதேச மேட்ச் கூடாதுன்னு தடை போட்டு, தென் அமெரிக்கால பெரிய எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே அதை நிறுத்தி வச்சாங்க.

இங்கதான் பயணத் திட்டமே ஒரு டாக்டிக்ஸா மாறுது. உடம்பு உயரத்துக்குப் பழகணும்னா ஒண்ணு, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போயிடணும், லீக் நடக்கிற நேரத்துல எந்த கிளப்பும் ப்ளேயரை அவ்வளவு நாள் விடாது. இல்லைன்னா உடம்புக்கு உயரம் ஏறியிருக்கோம்னு உறைக்கிறதுக்கு முன்னாடியே ஆடி முடிச்சுட்டு இறங்கிடணும். அதனால நிறைய டீமுங்க கீழ 400 மீட்டர் உசரத்துல இருக்கிற சாண்டா க்ரூஸ் ஊர்ல தங்கி, மேட்ச் நாள் அன்னைக்கே விமானத்துல மேல ஏறி, சில மணி நேரத்துல ஆடிட்டு அன்னைக்கே திரும்பிடறாங்க. நடுவுல ரெண்டு மூணு நாள் தங்குறதுதான் ரொம்ப மோசம், தலைவலி, தூக்கமின்மை, குமட்டல் எல்லாம் அப்பதான் உச்சத்துல இருக்கும். பொலிவியாவும் சும்மா இல்ல, 2024ல இருந்து மேட்சை இன்னும் மேல, 4,000 மீட்டரைத் தாண்டுன எல் ஆல்டோவுக்கு மாத்திட்டாங்க, 2025 செப்டம்பர்ல அங்க பிரேசிலை 1-0ன்னு அடிச்சு உலகக்கோப்பை ப்ளேஆஃபுக்குப் போனாங்க. இதை ஏமாத்துன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல, அந்த ஊர்ல மக்கள் வாழறாங்க, அவங்க ஊர்ல அவங்க ஆடுறாங்க.

தூரத்துக்குன்னே பேர் போன மேட்சுகளும் இருக்கு. ஆஸ்திரேலிய லீக்ல பெர்த்துக்கும் நியூசிலாந்துல இருக்கிற வெலிங்டனுக்கும் நடுவுல 5,000 கிலோமீட்டருக்கு மேல, நேர வித்தியாசமே நாலஞ்சு மணி நேரம், ரெண்டும் ஒரே லீக்! உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும், கிழக்கால போனா இன்னும் மெதுவா. 2025ல ரியல் மாட்ரிட் கஜகஸ்தான் அல்மாட்டி வரைக்கும் 6,000 கிலோமீட்டருக்கு மேல பறந்து போய் கைராத்தை 5-0ன்னு ஜெயிச்சுட்டு வந்தாங்க, அவங்ககிட்ட தனி விமானம், ரெண்டு டீம் போடற அளவுக்கு ஆள் எல்லாம் இருக்கு. வசதி இருந்தாலும் தப்பிக்க முடியாத நேரமும் உண்டு. 2010 ஏப்ரல்ல ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால யூரோப் வானமே மூடினப்ப பார்சிலோனா டீம் மிலானுக்கு சுமார் 1,000 கிலோமீட்டர் பஸ்ல போச்சு, இன்டர்கிட்ட 3-1ன்னு தோத்துச்சு, அந்த செமிஃபைனல்ல இருந்தும் வெளிய வந்துச்சு.

இந்த அவசரம் உயிரையே எடுத்த கதைகளை விட்டுட்டு இதைப் பேச முடியாது. 1958 பிப்ரவரி 6, மான்செஸ்டர் யுனைடெட் பெல்கிரேடுல மேட்ச் முடிச்சுட்டு திரும்பறப்ப மியூனிக்ல எரிபொருள் நிரப்ப நின்னாங்க. அதுக்கு முந்தின ரவுண்டுல ப்ராக்ல இருந்து திரும்பறதுல சிக்கலாகி லேட் ஆனதால, சனிக்கிழமை லீக் மேட்சுக்கு எப்படியும் வந்துடணும்னுதான் இந்த தடவை தனி விமானமே எடுத்திருந்தாங்க. ஓடுபாதையில பனிச்சேறு, ரெண்டு தடவை கிளம்பப் பாத்து நிறுத்தி, மூணாவது தடவை மேல எழும்பாம ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதுச்சு. 23 பேர் இறந்தாங்க, அதுல எட்டு பேர் ப்ளேயருங்க. 2016 நவம்பர் 28ல பிரேசில் சாப்பகோயென்ஸி டீம் கோபா சுடமெரிக்கானா ஃபைனலுக்காக கொலம்பியா மெடலின் போறப்ப, விமானத்துல எரிபொருளே தீந்து மலையில விழுந்துச்சு, 77 பேர்ல 71 பேர் இறந்தாங்க. எதிரணியா ஆடவேண்டிய அட்லெடிகோ நாசியோனல்தான் கோப்பையை அவங்களுக்கே குடுத்துடுங்கன்னு கேட்டாங்க, அப்படியே குடுத்தாங்க. சின்ன ஊர் டீம், வாழ்க்கையிலயே பெரிய மேட்சுக்குப் போய்க்கிட்டிருந்த பசங்க.

நம்ம நாட்டுப் பக்கம் வந்தா, பயணமே ரிசல்ட்டைத் தீர்மானிச்ச சம்பவங்களும் இருக்கு. 2022 ஆகஸ்ட்ல கோகுலம் கேரளா பெண்கள் டீம் ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் போய் இறங்கின சமயத்துல ஃபிஃபா இந்திய சம்மேளனத்தை சஸ்பெண்ட் பண்ணிடுச்சு, அவ்வளவு தூரம் போன பொண்ணுங்க ஒரு மேட்ச் கூட ஆடாம திரும்பி வந்தாங்க, அவங்க பண்ணின தப்பு ஒண்ணுமே இல்ல. 2024 அக்டோபர் 2ஆம் தேதி மோகன் பகான் ஈரான் தப்ரீஸ்ல ஆட வேண்டியது, போர்ப் பதற்றத்துல ப்ளேயருங்க போக மறுத்தாங்க, ஆசிய சம்மேளனம் அவங்க போட்டியில இருந்தே விலகினதா எடுத்துக்கிட்டு ஏற்கனவே ஆடின மேட்சையும் கணக்குல இருந்து தூக்கிடுச்சு. அதுல ப்ளேயருங்க எடுத்த முடிவு சரின்னுதான் நான் சொல்வேன்.

இத்தனை கஷ்டத்துக்கு நடுவுல சென்னையின் டீம் செஞ்சதை நாமளே சரியா கொண்டாடலைன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2015 சீசன். நடுவுல பாயிண்ட்ஸ் டேபிள்ல அடியில கிடந்த டீம், மெட்டராஸி கோச், எழுந்து செமிஃபைனல் வந்துச்சு. அப்பதான் டிசம்பர் வெள்ளம், ஊரே தண்ணியில, ஏர்போர்ட்டே மூடியிருந்துச்சு, நேரு ஸ்டேடியத்துல மேட்ச் நடத்த வழியே இல்ல. ஹோம் செமிஃபைனலை புனே பாலேவாடிக்கு மாத்தினாங்க. சொந்த ஊரு தண்ணியில நிக்குது, அங்க வேற ஊர்ல "ஹோம்" மேட்ச் ஆடி நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சாங்க. ரெண்டாவது லெக் கொல்கத்தா சால்ட் லேக்ல 2-1 தோல்வி, மொத்தக் கணக்குல 4-2ன்னு ஃபைனல். ஃபைனல் எங்க? ஃபதோர்டாவுல, எஃப்சி கோவாவோட சொந்த கிரவுண்டுல. கடைசி நிமிஷங்கள்ல 2-1ன்னு பின்தங்கி நின்னு, கோவா கோல்கீப்பர் கை பட்டு ஒரு ஓன் கோல், அடுத்து இஞ்சுரி டைம்ல மெண்டோசா ஒண்ணு, 3-2. கடைசி மூணு மேட்சும் சென்னைக்கு வெளிய. 2018 ஃபைனலும் அப்படித்தான், பெங்களூரு கண்டீரவாவுல பெங்களூரு எஃப்சிக்கு எதிரா, சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்துலயே கோல் போட்டுட்டார், அதுக்கப்புறம் மைல்சன் ஆல்வெஸ் கார்னர்ல இருந்து ரெண்டு ஹெட்டர், ரஃபேல் அகுஸ்தோ ஒண்ணு, இங்கயும் 3-2. ரெண்டு ஐஎஸ்எல் கோப்பையையும் எதிரி வீட்டு வாசல்ல போய் தூக்கிட்டு வந்த டீம் இது. பெங்களூரு பயணம் சின்னது, ரசிகருங்களும் ரயில் ஏறிப் போய் சேர முடிஞ்சுது, அன்னைக்கு அந்த ஸ்டேடியத்துல ஒரு மூலை முழுக்க நம்ம நீலம்தான், அதுவும் ஒரு பலம்.

மேட்ச் முடிஞ்சதும் வேலை முடியறதில்ல. ஏழரை மணி ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிடும். அப்பறம் ஊக்கமருந்து சோதனைக்கு சீட்டு எடுப்பாங்க, சீட்டுல பேர் வந்த ப்ளேயர் வியர்த்து வியர்த்து உடம்புல தண்ணியே இல்லாம இருப்பார், சிறுநீர் வரவே வராது, பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பார், சில சமயம் டீம் பஸ்ஸே அவருக்காக வெளிய நிக்கும். ஹோட்டல் வந்து சாப்பிட்டுப் படுக்க ஒரு மணி ஆகிடும், அட்ரினலின் இறங்காம தூக்கம் வர ரெண்டு மூணு. காலையில ஃபிளைட். ஈரத் துணியெல்லாம் பையில திணிச்சு கிட் மேனேஜர் திரும்பவும் கவுன்ட்டர்ல எடை போட்டுக்கிட்டு நிப்பார். ஊர் வந்து சேந்த நாள் ரெக்கவரிக்குப் போயிடும், அடுத்த மேட்ச் நாலு நாள்லன்னா கோச்சுக்கு நிஜமா ட்ரெய்னிங்னு கிடைக்கிறது ஒரே ஒரு நாள்.

2020-21, 2021-22 ரெண்டு சீசனும் கொரோனாவால மொத்த ஐஎஸ்எல்லும் கோவாவுலயே நடந்துச்சு, யாருக்கும் பயணமே இல்ல, பழையபடி ஹோம் அவே திரும்பினது 2022 அக்டோபர்லதான். கோவா மாதிரியே ஒரே ஊர்ல நடத்துங்கன்னு நான் கேக்கல, சொந்த ஊர் கூட்டம் இல்லாத லீக் எனக்கு வேண்டாம். அட்டவணை போடறவங்க கொஞ்சம் மேப்பைப் பாத்துப் போட்டா போதும். ஜாம்ஷெட்பூர்ல இருந்து கொல்கத்தா ரயில்ல நாலு மணி நேரம், புவனேஸ்வரும் பெரிய தூரம் இல்ல, தெக்குல இருந்து போற டீமுக்கு இந்த மேட்சுகளை ரெண்டு ரெண்டா ஒரே பயணத்துல சேத்துக் குடுக்கலாம், கவுஹாத்தி போயிட்டு வந்த டீமுக்கு அடுத்த மேட்சுக்கு குறைஞ்சது அஞ்சு நாள் இடைவெளி விடலாம். அடுத்த தடவை அட்டவணை வந்ததும் யாரோட யாருக்கு மேட்ச்னு பாக்கிறதோட நிறுத்தாம, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு, நடுவுல எத்தனை நாள்னும் சேத்துப் பாருங்க, எந்த வாரம் நம்ம டீம் தடுமாறும்னு உங்களுக்கே முன்கூட்டி தெரிஞ்சிடும்.